சேரியில் ஓட்டுக் கேட்காமல் விழுப்புரத்தை வெல்ல முடியுமா?

போன வாரம் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுக்க மாணவர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் ஒரு தம்பி, முதல் ஓட்டுப் போடப் போகிறவன், கேட்டான்: "அண்ணே, 2026-இல் ரெட்டை இலை வருமா வராதா?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவன் பதில் சொல்லிவிட்டான்: "பாமக சேர்ந்தா வந்துடும்டா. கணக்கு அப்படித்தான் இருக்கு."

இந்தக் கணக்கை அவன் மட்டும் போடவில்லை. தொலைக்காட்சி விவாதத்தில் போடுகிறார்கள், யூடியூபில் போடுகிறார்கள், அதிமுகவின் மாவட்ட அலுவலகத்திலும் இதையே போடுகிறார்கள். 2025 நவம்பர் நடுவில் இதை எழுதுகிறேன். தேர்தலுக்கு இன்னும் ஐந்தாறு மாதம்தான். அதற்குள் இந்தக் கணக்கை நாமும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும். காரணம், அந்தக் கணக்கில் நம் பெயர் எந்த இடத்திலும் வரவில்லை.

காகிதத்தில் ஜெயிக்கும் கணக்கு

முதலில் அவர்கள் தரப்பை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 2024 மக்களவைத் தேர்தலில் விழுப்புரம் தனித் தொகுதியில் விசிகவின் ரவிக்குமார் பானைச் சின்னத்தில் 4,77,033 ஓட்டு வாங்கி ஜெயித்தார். அதிமுகவின் பாக்யராஜ் 4,06,330. பாஜக கூட்டணியில் நின்ற பாமகவின் முரளிசங்கர் 1,81,882. வித்தியாசம் 70,703. இப்போது அதிமுக ஓட்டையும் பாமக ஓட்டையும் கூட்டினால் 5,88,212. ரவிக்குமாரைவிட ஒரு லட்சத்துக்கும் மேல் அதிகம். 2025 ஏப்ரல் 11 அன்று சென்னையில் அமித் ஷாவும் எடப்பாடி பழனிசாமியும் ஒன்றாக உட்கார்ந்து கூட்டணியை அறிவித்தபோது, விழுப்புரம் மாவட்டத்து அதிமுகவினர் மனதுக்குள் போட்டது இந்தக் கூட்டலைத்தான்.

கூட்டல் சரிதான். ஆனால் ஓட்டு கூட்டலில் வருவதில்லை. இதே தொகுதியின் முந்தைய வரலாற்றைப் பாருங்கள்.

2009-இல் விழுப்புரம் முதல்முறையாகத் தனித் தொகுதியாகத் தேர்தலைச் சந்தித்தது. அப்போது பாமக அதிமுக கூட்டணியில் இருந்தது. அதிமுகவின் ஆனந்தன் விசிகவின் சாமிதுரையை வென்றது வெறும் 2,797 ஓட்டில். 2014-இல் அதிமுக பாமக இல்லாமல், யாரும் இல்லாமல், தனியாக நின்றது. ராஜேந்திரன் 1,93,367 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2019-இல் அதிமுக, பாமக, பாஜக, தேமுதிக எல்லாம் ஒரே அணி. தொகுதி பாமகவுக்கு ஒதுக்கப்பட்டது. வடிவேல் ராவணன் 4,31,517 ஓட்டு வாங்கி, உதயசூரியன் சின்னத்தில் நின்ற ரவிக்குமாரிடம் 1,28,068 ஓட்டில் தோற்றார்.

அதாவது, எல்லோரும் ஒன்றாக நின்றபோது கிடைத்தது 4,31,517. பிரிந்து நின்றபோது இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 5,88,212. இதை எந்தக் கால்குலேட்டரில் போட்டுக் கூட்டுவது?

2014-இல் ஜெயலலிதா அலை இருந்தது, பலமுனைப் போட்டி இருந்தது. 2019-இல் மோடி எதிர்ப்பு இருந்தது, தினகரன் கட்சி ஓட்டைப் பிரித்தது. எல்லாம் உண்மை. ஒரே காரணத்தில் எந்தத் தேர்தலும் அடங்காது. ஆனால் 2014-ஐப் பற்றி ஒரு விஷயம் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அதற்கு ஒரு வருடம் முன்புதான், 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்குப் போகும் வழியில் மரக்காணத்தில் நம் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. மரக்காணம் திண்டிவனம் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. அந்த மாதம் முடிவதற்குள் ஜெயலலிதா அரசு ராமதாஸைக் கைது செய்து திருச்சி சிறைக்கு அனுப்பியது. மறு வருடம் தேர்தல் வந்தபோது, "அந்தம்மா ஒருத்திதான் கேட்டாங்க" என்று சொல்லி இரட்டை இலைக்குப் போட்ட பெரியவர்களை எனக்குத் தெரியும். ஜெயலலிதா நம்மை நேசித்தாரா இல்லையா என்பது வேறு விவாதம். அந்த ஒரு முறை அந்தக் கட்சி நம் பக்கம் நின்றதாக நம் தெரு நம்பியது. அந்த நம்பிக்கைக்கு ஓட்டும் விழுந்தது.

ஆறு வருடம் கழித்து, 2019 பிப்ரவரியில், அதே கட்சி அதே ராமதாஸுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. மரக்காணத்தில் எரிந்த வீடுகளைப் பற்றி அந்த ஒப்பந்தத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. எதுவும் இருக்கவும் இல்லை.

விக்கிரவாண்டி சொன்ன பாடம்

2024-இல் நடந்ததை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். ஜூன் மாதம் மக்களவை முடிவு வந்தது. ஜூலை மாதம் விக்கிரவாண்டி சட்டமன்ற இடைத்தேர்தல். மக்களவைத் தேர்தலில் விக்கிரவாண்டிப் பகுதியில் மட்டும் விசிகவுக்குக் கிடைத்தது சுமார் 72 ஆயிரம், அதிமுகவுக்கு 65 ஆயிரம், பாமகவுக்கு 32 ஆயிரம். இடைத்தேர்தலை அதிமுக புறக்கணித்தது. எதிர்க்கட்சி ஓட்டு முழுவதும் போய்ச் சேர ஒரே இடமாகப் பாமக மட்டும் இருந்தது. கூட்டணிக் கணக்கைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது.

முடிவு: திமுகவின் அன்னியூர் சிவா 1,24,053. பாமகவின் சி. அன்புமணி 56,296. நாம் தமிழர் பத்தாயிரத்துக்குச் சற்று மேல். வித்தியாசம் 67,757.

அதிமுகவின் 65 ஆயிரத்தில் பாமகவுக்குப் போனதாக அதிகபட்சம் வைத்தாலும் 24 ஆயிரம்தான். திமுகவுக்குக் கூடியது 50 ஆயிரத்துக்கும் மேல். இடைத்தேர்தல் என்றால் ஆளுங்கட்சிக்கு அமைச்சர்கள் பட்டாளம் உண்டு, பணம் உண்டு, ஆகவே இதை அப்படியே பொதுத்தேர்தலுக்குப் பொருத்த முடியாது. ஆனால் ஒன்று தெளிவு: இரட்டை இலைக்குப் போடுகிறவர் மாம்பழத்துக்கும் போடுவார் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. விக்கிரவாண்டியில் இரட்டை இலைக்குப் போட்டுவந்தவர்களில் சேரிக்காரர்களும் உண்டு. பாமகவுக்குப் போடு என்றால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்னியூர் சிவாவும் வன்னியர்தான். வன்னியர்கள் எல்லோரும் தைலாபுரம் தோட்டத்தில் சொல்கிற இடத்தில் குத்துகிறவர்கள் என்று நினைப்பதே அந்த மக்களை அவமதிப்பது. நம்மோடு கரும்பு வெட்டுகிறவர்கள், நம்மைப் போலவே கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள் அவர்கள். சாதி ஓட்டு எந்தத் தலைவரின் சட்டைப் பையிலும் இல்லை. நம் ஓட்டும் அப்படித்தான்.

இப்போது அந்தச் சட்டைப் பையே கிழிந்து கிடக்கிறது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் தைலாபுரத்தில் தந்தை ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். இருவருக்கும் நடக்கும் சண்டை, 2025 செப்டம்பரில் மகனையே கட்சியை விட்டு நீக்கியதாகத் தந்தை அறிவிக்கும்வரை வந்துவிட்டது. அதிமுக எந்தப் பாமகவைக் கூட்டிக்கொள்ளப் போகிறது என்பதே இன்னும் முடிவாகவில்லை. கூட்டல் கணக்கில் கூட்ட வேண்டிய எண்ணே இரண்டாக உடைந்து நிற்கிறது.

பத்தரை சதவீதம் எங்கே ஜெயித்தது?

இனிதான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் வருகிறது.

2021 பிப்ரவரி 26. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாள், அதற்குச் சில மணி நேரம் முன்பு, எடப்பாடி அரசு வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. ஆனால் தேர்தலுக்கு அது பயன்பட்டதா? விழுப்புரம் மாவட்டத்தின் ஏழு தொகுதிகளையும் வரிசையாக வையுங்கள்.

செஞ்சியில் திமுக ஜெயித்தது. திருக்கோவிலூரில் திமுக. விக்கிரவாண்டியில் திமுக, 9,573 ஓட்டில். விழுப்புரத்தில் அதிமுகவின் மாவட்ட முகமான சி.வி. சண்முகமே 14,868 ஓட்டில் தோற்றார். மயிலத்தில் பாமக 2,230 ஓட்டில் தப்பித்தது. மீதி இரண்டு? திண்டிவனத்தில் அதிமுக 9,753 ஓட்டில் ஜெயித்தது. வானூரில் அதிமுகவின் சக்கரபாணி, விசிகவின் வன்னி அரசுவை 21,727 ஓட்டில் தோற்கடித்தார்.

திண்டிவனமும் வானூரும் தனித் தொகுதிகள்.

மெதுவாக இன்னொரு முறை படியுங்கள். வன்னியர் ஒதுக்கீட்டை முன்வைத்து நடத்திய தேர்தலில், இந்த மாவட்டத்தின் ஐந்து பொதுத் தொகுதிகளில் அந்த அணிக்குக் கிடைத்தது ஒன்று. நமக்காக ஒதுக்கப்பட்ட இரண்டு தொகுதிகளில் கிடைத்தது இரண்டு. அதே மாவட்டம், அதே கூட்டணி, அதே நாள். விழுப்புரம் பொதுத் தொகுதியில் திமுக வேட்பாளர் ஜெயிக்கிறார். பக்கத்து வானூரில் விசிக வேட்பாளர் இருபதாயிரத்துக்கு மேல் தோற்கிறார்.

இது எப்படி நடந்தது? இரண்டு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒன்று, இரட்டை இலைக்குச் சேரியில் ஓட்டே இல்லை என்று நினைக்கிறவர்கள் தங்கள் பாட்டியிடம் பேசியதில்லை. எம்ஜிஆர் காலத்துப் பாசம், 1982-இல் வந்த சத்துணவு, ஜெயலலிதா காலத்து ஆடு, மிக்சி எல்லாம் இன்னும் பல வீடுகளில் பேச்சாக இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறக்குறைய 29 சதவீதம். இத்தனை பேரும் ஒரே சின்னத்துக்குப் போட்டதாக வரலாறே இல்லை.

இரண்டாவது காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. தனித் தொகுதியில் நிற்கிறவர் மட்டும்தான் நம்மவர். தேர்ந்தெடுக்கிறவர்கள் எல்லோரும். முக்கிய வேட்பாளர்கள் எல்லோருமே தலித்துகள் என்பதால் நம் ஓட்டு நான்காகப் பிரியும். பெரும்பான்மையாக இருக்கும் ஊர்க்காரர்கள், "இவர்களில் யார் நமக்குத் தொந்தரவு தராதவர்" என்று பார்த்துப் போடுவார்கள். உரக்கப் பேசுகிறவர் தோற்பார். ஒன்றியச் செயலாளர் சொன்ன பேச்சைக் கேட்கிறவர் ஜெயிப்பார். எல்லாத் தொகுதியிலும் எப்போதும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ரவிக்குமார் இரண்டு முறை ஜெயித்திருக்கிறார். ஆனால் சாய்மானம் இந்தப் பக்கம்தான்.

அம்பேத்கர் இதை 1932-லேயே பார்த்தார். அந்த வருடம் செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டபோது தனி வாக்காளர் தொகுதி போனது, கூட்டு வாக்காளர் தொகுதியில் தனி இடங்கள் வந்தன. 1947-இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் அவர் தனி வாக்காளர் தொகுதியை மறுபடி கேட்டார். சரியாக ஐம்பது வருடம் கழித்து, 1982 செப்டம்பர் 24 அன்று, கன்ஷிராம் 'சம்சா யுகம்' என்ற புத்தகத்தை வெளியிட்டதும் இந்த ஒரே விஷயத்துக்காகத்தான். படிக்காதவர்கள் படியுங்கள். வானூர் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆக, எதிர்க்கட்சியின் விழுப்புரம் வியூகம் என்ன என்று தம்பி கேட்டால் என் பதில் இதுதான்: சேரிக்குள் வராமல், சேரியைச் சுற்றிக்கொண்டு போய், சேரிக்கான தொகுதியை ஜெயிப்பது. நம் ஊர்ப் பக்கம் புறவழிச்சாலை போட்ட மாதிரி. நிற்காமல் போய்விடலாம்.

அந்தப் பாதையில் போய்ச் சேர முடியுமா?

திண்டிவனத்திலும் வானூரிலும் முடியும். அதிமுகவுக்கு அங்கே பழைய வேர் இருக்கிறது. வானூரில் 2016, 2021 இரண்டிலும் அவர்கள்தான். திண்டிவனத்தில் 2016-இல் திமுக ஜெயித்தது 101 ஓட்டில். நூற்றியொன்று. ஒரு சேரியில் ஒரு தெரு. கொஞ்சம் காற்று மாறினால் இரண்டு இடமும் மறுபடி அவர்கள் பக்கம் போகும்.

ஆனால் இரண்டு இடத்தை வைத்துக்கொண்டு ஆட்சிக்கு வர முடியாது. 2021-இல் மாநிலம் முழுக்க அந்தக் கூட்டணிக்குக் கிடைத்தது 75. ஆட்சிக்கு 118 வேண்டும். வட மாவட்டங்களின் பொதுத் தொகுதிகளில் சில ஆயிரம் ஓட்டில் தோற்ற இடங்களைத் திருப்ப வேண்டும். விக்கிரவாண்டி, விழுப்புரம் மாதிரியான அந்தத் தொகுதிகளில் முடிவைத் தீர்மானிப்பது சேரியும் சிறுபான்மையினரும்தான். இதைப் புரிந்துகொண்ட ஆளே அந்தக் கட்சியில் இருக்கிறார். 2021 தோல்விக்குப் பிறகு, இதே மாவட்டத்தில் நடந்த கட்சிக் கூட்டத்தில், பாஜக கூட்டணியால்தான் தோற்றோம் என்று வெளிப்படையாகச் சொன்னவர் சி.வி. சண்முகம். நான்கு வருடம் கழித்து அதே கூட்டணி மறுபடி வந்துவிட்டது.

எடப்பாடி பழனிசாமி இந்த வருடம் சுற்றுப்பயணத்தில் விசிகவுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் அழைப்பு விடுத்துப் பார்த்தார். திருமாவளவன் மறுத்துவிட்டார். எனக்கு அந்த அழைப்பில் ஒரு கேள்வி உண்டு. கட்சியை அழைக்கிறீர்கள், அது சரி. மக்களை எப்போது அழைப்பீர்கள்? விசிக வந்தால்தான் சேரி ஓட்டு வரும் என்று நினைப்பதும், பாமக வந்தால்தான் வன்னியர் ஓட்டு வரும் என்று நினைப்பதும் ஒரே நோய்தான். தரகரைத் தேடுகிறார்கள், வாக்காளரைத் தேடவில்லை.

வேறு வழி இல்லையா? இருக்கிறது, அந்தக் கட்சியின் சொந்த வரலாற்றிலேயே. 2001-இல் திருச்சி மக்களவை இடைத்தேர்தலில், அது பொதுத் தொகுதி, தலித் எழில்மலையை நிறுத்தி ஜெயிக்க வைத்தது அதிமுக. 2012 அக்டோபரில் ப. தனபாலைச் சட்டமன்றப் பேரவைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்ததும் அதே கட்சி. உத்தரப் பிரதேசத்தைப் பாருங்கள். 2024-இல் சமாஜ்வாதி கட்சி, பிற்படுத்தப்பட்டோர், தலித், சிறுபான்மையினர் என்று வெளிப்படையாகச் சொல்லி நின்றது. அயோத்தி இருக்கும் பைசாபாத் பொதுத் தொகுதியில் பாசி சாதியைச் சேர்ந்த அவதேஷ் பிரசாத்தை நிறுத்தியது. அவர் பாஜகவைத் தோற்கடித்தார். அந்தக் கட்சி 37 இடம் பிடித்தது. எதிர்க்கட்சியாக இருந்து ஜெயிப்பது என்றால் அது ஒரு வழி. விழுப்புரம் பொதுத் தொகுதியிலோ செஞ்சியிலோ ஒரு தலித்தை நிறுத்த அதிமுகவுக்குத் தைரியம் உண்டா? உண்டென்றால் கூட்டல் கணக்கே தேவையில்லை.

தவெக பற்றியும் தம்பிகள் கேட்பார்கள். 2024 அக்டோபர் 27 அன்று விஜய் முதல் மாநாட்டை நடத்தியது நம் விக்கிரவாண்டி வி.சாலையில்தான். மேடையில் அம்பேத்கர் படம் இருந்தது, ஆட்சியில் பங்கு என்ற பேச்சும் இருந்தது. நம் தெருப் பையன்கள் பலர் அங்கே போனார்கள், நானறிவேன். படம் வைப்பது தப்பில்லை. ஆனால் வேட்பாளர் பட்டியல் வரட்டும். பொதுத் தொகுதியில் எத்தனை தலித் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுவோம்.

ஆளுங்கட்சி தப்பித்துக்கொள்ளக் கூடாது

இவ்வளவும் எதிர்க்கட்சியைப் பற்றி எழுதிவிட்டு நிறுத்தினால், "அப்போ திமுகவுக்குப் போடச் சொல்றீங்களா அண்ணே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

கோலியனூர் பக்கத்தில் மேல்பாதி. 2023-இல் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன நம் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7 அன்று அரசு கோயிலுக்குச் சீல் வைத்தது. நீதிமன்றம் போய், உத்தரவு வாங்கி, போலீஸ் பாதுகாப்போடு நம் மக்கள் உள்ளே போனது 2025 ஏப்ரலில். ஏறக்குறைய இரண்டு வருடம். அடித்தவர்களுக்கும் பூட்டு, அடிபட்டவர்களுக்கும் அதே பூட்டு. சமூக நீதி பேசும் ஆட்சியில் நடந்தது இது. அந்த இரண்டு வருடத்தில் மேல்பாதியைத் தேர்தல் பிரச்சினையாக்கி ஓட்டுக் கேட்ட பெரிய கட்சி எது? ஆளுங்கட்சியும் இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை. இரண்டுக்கும் ஒரே பயம்: ஊர்க்காரன் ஓட்டுப் போய்விடும்.

2025 ஜனவரி 28 அன்று, 1987 இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் உயிர் விட்ட 21 பேருக்கு விழுப்புரத்தில் முதல்வர் ஸ்டாலின் மணிமண்டபம் திறந்தார். அந்த 21 பேரும் ஏழைகள், அவர்களுக்கு மண்டபம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதே விழுப்புரம் நகரத்தில் 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். எம்ஜிஆர் ஆட்சி. சதாசிவம் ஆணையம் விசாரித்தது. அந்த 12 பேரை நினைவுகூர்வோம் என்று அதிமுக சொல்லுமா? திமுக சொல்லுமா? ஓட்டுக் கேட்டு வருகிற இரண்டு பேரிடமும் கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர்கள் யார் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

எதிர்க்கட்சி நம்மைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஆளுங்கட்சி நம்மை வங்கியில் போட்ட வைப்புத்தொகை மாதிரி வைத்திருக்கிறது. எங்கேயும் போக மாட்டார்கள், பாஜக வந்துவிடும் என்று பயப்படுவார்கள், கூட்டணியில் நம் தலைவர் இருக்கிறார் என்று சும்மா இருப்பார்கள் என்று நினைக்கிறது. பயம் பொய்யில்லை, நானும் பயப்படுகிறேன். ஆனால் பயத்துக்காகப் போடுகிற ஓட்டுக்கு யாரும் விலை கொடுப்பதில்லை.

இனி வரும் வாரங்களில்

யாருக்குப் போட வேண்டும் என்று இந்தக் கட்டுரையில் சொல்லப் போவதில்லை. போடுவதற்கு முன் செய்ய வேண்டிய மூன்று வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தீவிரத் திருத்தம் நவம்பர் 4-இல் ஆரம்பித்துவிட்டது, படிவம் கொடுக்க டிசம்பர் 4 கடைசி நாள் என்று அறிவித்திருக்கிறார்கள். அதிமுக இந்தத் திருத்தத்தை ஆதரிக்கிறது, திமுக அணி எதிர்க்கிறது. அவர்கள் சண்டை அவர்களோடு இருக்கட்டும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வெளியூர் போன குடும்பங்களின் படிவத்தை யார் வாங்கி நிரப்புவது? பழைய திருத்தப் பட்டியலில் அப்பா அம்மா பெயர் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று யார் தேடிக் கொடுப்பது? கையில் போன் வைத்திருக்கும் நீங்கள்தான். 101 ஓட்டில் ஜெயித்த தொகுதி இது. ஒரு சூளைக்குப் போன குடும்பங்களின் பெயர்கள் விடுபட்டாலே முடிவு மாறிவிடும்.

இரண்டாவது, படிவம் 20-ஐப் படியுங்கள். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று தேர்தல் ஆணையம் வெளியிடும் அட்டவணை அது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். 2016, 2021 இரண்டையும் எடுத்து, உங்கள் ஊர்ச் சாவடி எது, சேரிச் சாவடி எது என்று பிரித்து எழுதுங்கள். சேரி எப்படிப் போட்டது, ஊர் எப்படிப் போட்டது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். கட்சிக்காரர்களிடம் இந்தக் கணக்கு இருக்கிறது. நம்மிடம் இல்லாததால்தான் நம்மிடமே வந்து கதை சொல்கிறார்கள்.

மூன்றாவது, கேள்விகளை எழுதி வையுங்கள். சாதி ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம். இந்த அக்டோபரில்தான் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. சட்டம் வந்தால் ஆதரிப்பீர்களா என்று அதிமுக வேட்பாளரைக் கேளுங்கள். எப்போது வரும் என்று திமுக வேட்பாளரைக் கேளுங்கள். 2024-இல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின்படி நம் ஒன்றியத்துக்கு என்ன வந்தது என்று கேளுங்கள். பஞ்சமி நிலம் நம் ஊரில் யார் கையில் இருக்கிறது, மீட்பீர்களா என்று கேளுங்கள். வாய்ப்பேச்சாக விட வேண்டாம். தாளில் எழுதி, கையெழுத்துக் கேளுங்கள். போட மறுத்தால் மறுத்தார் என்று தெருமுனையில் எழுதி ஒட்டுங்கள். தனித் தொகுதி வேட்பாளரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். விழுப்புரத்திலும் செஞ்சியிலும் நிற்கிறவர்களிடமும் கேளுங்கள். நாம் அங்கேயும் ஓட்டுப் போடுகிறோம்.

டீக்கடையில் அந்தத் தம்பிக்கு அன்று நான் முழுப் பதில் சொல்லவில்லை. "முதல்ல உன் பாட்டி படிவத்தைக் கொடு, அப்புறம் சொல்றேன்" என்றேன். பாட்டி வீட்டில் இல்லையாம், பக்கத்து மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போயிருக்கிறாராம். இரட்டை இலைக்காரி, எம்ஜிஆர் காலத்திலிருந்தே. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்க் கையெழுத்து வாங்கி வருகிறேன் என்றான்.

சேரிக்குள் வராமலே சேரித் தொகுதியை ஜெயிக்கலாம் என்று நினைக்கிறவர்கள், அந்தப் பாட்டி யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நாமாவது போய்க் கேட்போம். எந்தச் சின்னத்துக்குப் போட்டாலும், அந்தப் பாட்டியின் பெயர் பட்டியலில் இருக்கட்டும்.